கண்ணாடித் தூளும் வேப்பிலையும்

குணநாயகம் மாஸ்டருக்குத் தெரியும். பைபர் கிளாஸ் சர்க்கிட் போர்ட்டை வீட்டுக்குள் வைத்து, தண்ணீர் விடாமல் உலர வெட்டினால் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன நடக்கும் என்று அவருக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டே எங்களுக்குச் சொல்லாமல் விட்டார். போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, அதே வேலையைத் திரும்பவும் செய்தார்.

வீட்டிலேயே சர்க்கிட் போர்ட் செய்வது எப்படி என்று ஒரு செயல்முறை விளக்கம். எந்த ஆயுதத்தால் வெட்டுவது என்ற இடம் வந்ததும் கையடக்கமான ஒரு கிறைண்டரை எடுத்தார். அதன் சுழலும் தகட்டைப் பச்சைப் பலகையில் வைத்தார். வெள்ளையாகப் புகை மாதிரித் தூள் எழும்பியது. முன்வரிசைப் பிள்ளைகள் கையால் விசிறினார்கள். "இது ஒண்டும் செய்யாது பிள்ளையள். நாங்கள் அந்த நாளையில மூக்குக்கு ஒரு லேஞ்சிகூடக் கட்டேல்லை" என்றார். நான் கையைத் தூக்கினேன். என்னைக் கண்டார், ஆளையும் அடையாளம் பிடித்தார். "கேள்விக்கு நேரமில்லை, தங்கச்சி. தேத்தண்ணி ஆறுது" என்றார். சனம் சிரித்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். துறைமுகப் பக்கம் இருந்த ஒரு சின்ன வேலைத்தலத்தில்தான் ஓய்வு பெறும்வரை வேலை செய்தேன். வோல்டேஜ் ஸ்டெபிலைசர், எமர்ஜென்சி லாம்பு இரண்டும் செய்வோம். போர் நடந்த காலத்தில் அடிக்கடி மின்சாரம் நிற்கும், ஆகவே லாம்பு நன்றாக ஓடியது. முதலில் என்னைப் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டவிட்டார்கள். பிறகு ஈயம் பற்றவைக்கப் பழகினேன், பிறகு போர்ட் வெட்டும் பகுதிக்குப் போனேன். பழகிய கதையைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். கை சுட்டது, பழகியது. அவ்வளவுதான்.

அந்தப் பகுதிக்கு மேற்பார்வையாளர் குணநாயகம் மாஸ்டர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வெட்டிய பலகையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். பலகையின் விளிம்பில் பெருவிரல் நகத்தை வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இழுப்பார். நகம் எங்கேயும் தட்டாவிட்டால் வலது பக்கம் வைப்பார். தட்டினால் இடது பக்கம் வைத்துவிட்டு, "மறுபடி" என்று ஒரு சொல் சொல்வார். அந்தச் சொல்லுக்குப் பயந்து நாங்கள் ஒழுங்காக வெட்டினோம். அவரிடமிருந்து நல்ல வேலை பழகினேன் என்பதை மறைக்கவில்லை. அதனால்தான் கோபமும் கூடுதல்.

அந்த நாளில் எங்களுக்கு வந்தது பெரும்பாலும் மண்ணிறப் பலகை. கடதாசியைப் பிசினில் ஊறவைத்து அழுத்திச் செய்தது, ஒரு பக்கம் செப்புத் தகடு. வேலைத்தலத்தில் அதை வெட்டக் காலால் மிதிக்கிற ஒரு வெட்டு மெஷின் இருந்தது. குளிர்ந்த பலகையை மெஷினுக்குள் விட்டால் விளிம்பு பிஸ்கட் மாதிரி உதிரும். சூடான தட்டில் கொஞ்ச நேரம் வைத்து, கைக்கு வெதுவெதுப்பாக வந்ததும் வெட்ட வேண்டும். அப்போது வெண்ணெய் மாதிரிப் போகும். தூள் இல்லை, சத்தம் இல்லை.

ஒரு நாள் துறைமுகப் பக்கம் குண்டு வெடித்தது. எங்கள் தெருவை அடைத்தார்கள். வெட்டு மெஷின் உள்ளே, நாங்கள் வெளியே. லாம்பு கேட்டுக் கடைக்காரர்கள் முதலாளியைப் பிடுங்கி எடுத்தார்கள். இருப்பிலிருந்த மண்ணிறப் பலகையும் உள்ளே மாட்டிக்கொண்டது. முதலாளி எங்கேயோ தேடிப் பச்சை நிறப் பைபர் கிளாஸ் பலகை வாங்கினார். கண்ணாடி நாரைப் பிசினில் தோய்த்துச் செய்த பலகை அது. மாஸ்டர் அதை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, வீட்டிலேயே வெட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

என் வீடு அப்போது வெள்ளவத்தையில், ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு எடுத்த எனெக்ஸ். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் கணவரின் தாயும் தங்கை வசந்தியும் எங்களோடு இருந்தார்கள். வசந்திக்குக் கனடாவில் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. வீசாவுக்கான மெடிக்கல் பரிசோதனைக்கு நாள் கிடைத்திருந்தது. அந்த நாளைத் தவறவிட்டால் திரும்பவும் வரிசையின் அடியில் போய் நிற்க வேண்டும். அவள் வெளியே போவதில்லை. போனால் சோதனைச் சாவடி, அடையாள அட்டை, ஏன் வந்தாய், எப்போது போவாய். கொழும்புக்கு வந்ததிலிருந்து அவள் கண்டது எங்கள் அறையின் நான்கு சுவர். அந்த மெடிக்கல் அவளுக்கு வெறும் பரிசோதனை அல்ல, வாசல்.

அந்த அறையில்தான் நான் போர்ட் வெட்டத் தொடங்கினேன்.

வீட்டில் எந்த ஆயுதம் சரி என்று கேட்பவர்களுக்கு நான் பட்டதைச் சொல்கிறேன். தகரம் வெட்டும் கத்தரியை முதலில் எடுத்தேன். பைபர் கிளாஸ் வெட்டுப்படும், ஆனால் விளிம்பு நெடுக உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பிளக்கும். பிளந்த இடத்தில் பிறகு ஈரம் இறங்கும். மாஸ்டரின் நகத்துக்கு அது தப்பாது. அடுத்தது மரம் அறுக்கும் மெல்லிய கம்பி வாள். வளைவுக்கு நல்லது. ஆனால் கண்ணாடி நார் அதன் பல்லைத் தின்றுவிடும். ஒரு பலகை முடிவதற்குள் வாள் வழுக்கத் தொடங்கும். இரும்பறுக்கும் வாள் தாக்குப்பிடிக்கும். ஆனால் சத்தம். கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து, "என்ன பிள்ளை, சவப்பெட்டி செய்யிறியளோ?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டு பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் காலத்தில் தமிழ் வீட்டிலிருந்து அறுக்கிற சத்தம் வந்தால் பகிடி எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது. கடைசியாக, உடைந்த வாள் அலகைக் கொக்கி மாதிரித் தீட்டி, இரும்பு ரூலரை வைத்து இரண்டு பக்கமும் கீறி, மேசை விளிம்பில் வைத்து முறித்தேன். அது சரிவந்தது. ஆனால் அலகு சீக்கிரம் மழுங்கும். நேரம் பிடித்தது.

மாஸ்டர் வந்து பார்த்தார். என் குவியலைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கினார்.

"ராணி, இப்பிடிக் கீறிக்கொண்டிருந்தா லாம்பு எப்ப முடியும்? இதை வைச்சிரும்." பையிலிருந்து சின்னக் கிறைண்டரை எடுத்து மேசையில் வைத்தார். "கரண்ட் வாற நேரம் பாத்து வெட்டும். யன்னலைப் பூட்டிப்போட்டு வெட்டும். சத்தம் வெளியில போகப்படாது."

"பூட்டினா தூள் முழுக்க அறைக்குள்ளயல்லோ மாஸ்டர் நிக்கும்?"

"தூள் என்ன செய்யும்? கூட்டி அள்ளும்."

அவர் சொன்னார், நான் செய்தேன். வேலை பறந்தது. என் கணவரின் நீளக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெட்டுவேன். முடிந்ததும் கூட்டி அள்ளுவேன். கண்ணுக்குத் தெரிந்ததை அள்ளினேன். தெரியாதது வசந்தியின் பாயிலும், கொடியில் காய்ந்த அவளுடைய உடுப்பிலும், முகம் துடைக்கிற துவாயிலும் போய் இருந்துகொண்டது.

வசந்திக்கு முதலில் தடிமன், மூக்கால் ஓடியது. உடம்பு கொஞ்சம் சுட்டது. பிறகு கழுத்தில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. பிறகு கை, இடுப்பு. சொறிந்தாள். சொறியச் சொறியக் கூடியது. மாமி, வசந்தியின் தாய், வந்து பார்த்தார். பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மாள் வந்திருக்கிறா."

அம்மை நோயைக் கொப்புளிப்பான் என்று அவர் வாயால் சொல்ல மாட்டார். எங்கள் ஆட்களுக்குத் தெரியும்: அம்மாள் வந்த வீட்டில் நோயாளியைக் குளிக்க வார்ப்பதில்லை. உடுப்பைத் தோய்ப்பதில்லை. மருந்து கொடுப்பதில்லை. டொக்டரிடம் காட்டினால் அம்மாளுக்குக் கோபம். கோயிலடி மரத்திலிருந்து வேப்பிலை ஒடித்து வாசல் நிலையில் கட்டினார். பாயிலும் பரப்பினார். அதே பாய். அதே உடுப்பு. கிறைண்டரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளச் சொன்னார். அம்மாள் இருக்கிற வீட்டில் இரைச்சல் கூடாதாம். அதை மட்டும் நான் மறுக்கவில்லை.

"மாமி, மெடிக்கல் வருது" என்றேன்.

"உமக்கு மெடிக்கல்தான் பெரிசு. கொட்டாஞ்சேனைப் பிள்ளையளுக்கு அம்மாளிலும் பயமில்லை, ஆரிலும் பயமில்லை."

என் கணவரைப் பார்த்தேன். அவர் பத்திரிகையைப் பார்த்தார்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ விடியற்காலையில் ஆமிக்காரர் எங்கள் ஒழுங்கையை, அந்தச் சின்னத் தெருவை, சுற்றி வளைத்தார்கள். கீழே பூட்ஸ் சத்தம், கதவு தட்டும் சத்தம், படியில் ஏறும் சத்தம். எங்கள் அறையை நினைத்துப் பாருங்கள். சுவரோரம் அடுக்கடுக்காகச் சர்க்கிட் போர்ட். மேசையில் கம்பிச் சுருள். கட்டிலுக்கு அடியில் கிறைண்டர். குண்டு செய்கிற வீடு என்றுதான் நினைப்பார்கள். முதலாளி கையெழுத்திட்ட கடிதம் ஒன்று என்னிடம் இருந்தது. அதை யாராவது வாசித்து முடிப்பதற்குள் என்னை ஜீப்பில் ஏற்றியிருப்பார்கள். என்னோடு வசந்தியையும். ஊரிலிருந்து வந்த இளம் பிள்ளை, பக்கத்தில் போர்ட் குவியல். அதோடு கனடாவும் முடிந்தது, எல்லாம் முடிந்தது.

மாமிதான் கதவைத் திறந்தார். நான் பின்னால் நின்றேன்.

முன்னால் நின்ற ஆமிக்காரர் நிலையில் தொங்கிய வேப்பிலையைக் கண்டார். தூக்கிய காலைத் திரும்பக் கீழே வைத்தார்.

"காட்டத அசனீப?" என்று கேட்டார். யாருக்குச் சுகமில்லை என்று.

மாமிக்குத் தெரிந்த சிங்களம் மரக்கறிக் கடைச் சிங்களம். ஆனால் இந்தச் சொல் மட்டும் அவருக்குச் சுத்தமாக வந்தது. "துவட்ட தெய்யங்கே லெடே, மாத்தயா." மகளுக்குத் தெய்வத்தின் நோய். சிங்களச் சனமும் இதற்கு அந்தப் பெயர்தான் சொல்கிறது. அவர்களும் வேப்பிலைதான் கட்டுகிறார்கள். அவர்களும் அந்த வாசலைத் தாண்டுவதில்லை.

ஆமிக்காரர் இரண்டு படி கீழே இறங்கி நின்றார். அடையாள அட்டைகளைக் கையில் வாங்கவில்லை. தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அங்கிருந்தே எட்டிப் பார்த்தார். பின்னால் நின்ற இளம் சிப்பாய் ஒருத்தன் நெஞ்சில் கையை வைத்துக் கும்பிட்டுக்கொண்டான். "ஹரி அம்மே. தொர வஹகன்ன" என்றார் முன்னால் நின்றவர். சரி அம்மா, கதவைச் சாத்துங்கள். போய்விட்டார்கள்.

கதவைச் சாத்திவிட்டு நான் நிலத்தில் உட்கார்ந்தேன். வசந்தி பாயில் கிடந்து, "அண்ணி, போயிட்டாங்களோ?" என்று கேட்டாள். "போயிட்டாங்கள்" என்றேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொறிந்தாள்.

மாமி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "பாத்தீரோ? ஆர் காப்பாத்தினது? நீரோ, உம்மட மெடிக்கலோ?"

காப்பாற்றியது உண்மை. ஆனால் அன்றிலிருந்து வசந்தியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட வழியில்லாமல் போனது. முன்பு மாமிக்கு நம்பிக்கை மட்டும் இருந்தது, இப்போது அத்தாட்சியும் கிடைத்துவிட்டது. நானும் மாமி சொன்னதை நம்பத் தொடங்கிவிட்டேன். வசந்தியோ நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டு வந்தாள். கழுத்து முழுக்க நகக் கீறல். நித்திரை இல்லை. ஒரு மத்தியானம் மாமி கோயிலுக்குப் போயிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, மெடிக்கல் தவறினா நான் இந்த அறைக்குள்ளயே கிழவியாப் போவன். டொக்டரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அம்மாள் கோவிச்சா என்னைக் கோவிக்கட்டும்."

ஒழுங்கை முனையில் ஒரு முஸ்லிம் டொக்டர் டிஸ்பென்சரி வைத்திருந்தார். வாய் துடுக்கான மனிதர். விஷயத்தைச் சொன்னேன். பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாங்கள் படியேற, மாமியும் கோயிலிலிருந்து வந்து சேர்ந்தார். வாசலில் மறித்தார். டொக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"நான் மருந்து குடுக்க வரல்லம்மா. சும்மா பாக்கத்தான் வந்த. பாக்கிறதுக்குமா கோவிப்பாங்க?"

மாமி வழி விட்டார். முழு மனதோடு அல்ல.

யன்னல் பூட்டியிருந்ததால் அறை இருட்டு. கரண்டும் இல்லை. டொக்டர் டோர்ச் அடித்து வசந்தியின் வாயைப் பார்த்தார், தலைமயிரைப் பிரித்துப் பார்த்தார், பிறகு கழுத்தையும் இடுப்பையும் பார்த்தார். "உடுப்பு உரசுற இடத்தில மட்டும் வந்திருக்கே" என்று தனக்குள் சொன்னார். டோர்ச்சைச் சரித்துப் பாயில் அடித்தார். பாய் மினுங்கியது. வேப்பிலை மினுங்கியது. தலையணையும் மினுங்கியது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மீன் செதில் காய்ந்த மாதிரி, பொடிப்பொடியாக.

"ஊட்டுல என்ன வேல நடக்குது?"

நான் ஒரு போர்ட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் தொடாமல் பார்த்தார். பைக்குள்ளிருந்து ஒட்டுப்பட்டியைக் கிழித்து, வசந்தியின் முழங்கையில் ஒட்டி, மெதுவாக உரித்து, டோர்ச்சுக்கு நேரே பிடித்தார். அதிலும் அதே மினுக்கம்.

"கண்ணாடி" என்றார். "கண்ணாடியப் பாயில விரிச்சி, புள்ளய அதுக்கு மேல படுக்க வச்சி, குளிக்கவும் உடாம வச்சிருக்கீங்க. கொப்புளிப்பானும் இல்ல, ஒண்டும் இல்ல. புள்ளயக் குளிப்பாட்டுங்க."

எனக்கு நெஞ்சிலிருந்த பாறை உருண்டு விழுந்தது. மாமியின் முகத்தைப் பார்த்தேன். அது இறுகிப்போய் இருந்தது. டொக்டரும் கண்டுகொண்டார். குரலை இறக்கினார்.

"அம்மா, அம்மாள் வந்தாலும் ஒரு நாளைக்குக் குளிக்க வாக்கிறதுதானே? அந்த நாள் இண்டைக்கு எண்டு வச்சிக்கோங்களேன். வேப்பிலத் தண்ணியே ஊத்துங்க. பச்சத் தண்ணி. மேலால ஊத்தோணும், தேய்க்கப்படா. தேய்ச்சா இன்னும் உள்ளுக்குப் போகும்."

மாமி வாசலுக்குப் போய் நிலையிலிருந்த வேப்பிலையை அவிழ்த்தார்.

"ஆமிக்காக வந்தவ. ஆமி போனதும் அவவும் வெளிக்கிட்டிட்டா" என்று சொல்லிக்கொண்டே தண்ணீருக்குள் போட்டார்.

வாளி வாளியாக ஊற்றினோம். வசந்தி கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும், இன்னும்" என்றாள். பாயை மொட்டைமாடியில் எரித்தோம். உடுப்பைத் தனியாக அலசினோம். அறையை ஈரத் துணியால் துடைத்தோம், சுவரையும் விடவில்லை. அடுத்த நாள் புள்ளி வெளிறியது. மெடிக்கலுக்குப் போகும்போது கழுத்தில் கொஞ்சம் கீறல் மட்டும் மிச்சம். அங்கிருந்த பெண் டொக்டர், "பூனை வளக்கிறீங்களோ?" என்று கேட்டாராம். வசந்தி, "ஓம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வீசா வந்தது. அவளை அனுப்பிவிட்டு விமான நிலையத்திலிருந்து திரும்பும்போது வாடகை வான் வண்டிக்குள் மாமி என் தோளில் சாய்ந்து நித்திரை கொண்டார். அப்படி ஒரு நாளும் செய்ததில்லை.

ஆனால் இந்தக் கதை அங்கே முடியவில்லை. டொக்டர் வந்து பார்த்த மறுநாளே கிறைண்டரைத் திருப்பிக் கொடுக்க நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மாஸ்டரின் வீட்டுக்கு. அவர் மனைவி பின்பக்கம் போகச் சொன்னார்.

பின்முற்றத்தில், குழாயடியில், மாஸ்டர் பைபர் கிளாஸ் வெட்டிக்கொண்டிருந்தார். கிறைண்டரால் அல்ல, இரும்பறுக்கும் வாளால். வெட்டுக்கு மேலே தண்ணீர் நிரப்பிய ஒரு பழைய பால்மா டின் தொங்கியது. அதன் அடியில் ஆணியால் ஒரு துளை. தண்ணீர் சொட்டுச் சொட்டாக வெட்டில் விழுந்தது. தூள் பறக்கவில்லை. வெள்ளைச் சேறாக வழிந்து, கீழே விரித்த ஈரச் சாக்கில் இறங்கியது. மாஸ்டர் மூக்கைச் சுற்றி ஈர லேஞ்சி கட்டியிருந்தார்.

"மாஸ்டர், இது என்ன?"

"வாள் சூடாகாமல் இருக்க."

"மூக்கில கட்டினது?"

வாளை நிறுத்தினார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "வீட்டில சின்னதுகள் இருக்குதுகள், ராணி."

"எங்கட வீடுகளில ஆர் இருக்கினம் எண்டு நினைச்சனீங்கள்?"

கிறைண்டரை வாங்கி வைத்தார். "இதை வெளியில கதைக்க வேண்டாம். ஆக்கள் பயந்தா வேலை நிண்டுபோம்" என்றார்.

நான் கதைத்தேன். வீட்டில் வெட்டிய எல்லாப் பெண்களிடமும் போய்ச் சொன்னேன். யாரும் கிறைண்டரைத் தொடவில்லை. வேலையும் நிற்கவில்லை. புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் மேசன்மார் டைல் கீறுகிற கடும் முனை ஊசி வாங்கினேன். பலகையை ஈரத் துணியில் வைத்து, ரூலரைப் பிடித்து, இரண்டு பக்கமும் ஆழமாகக் கீறி, துடைத்து, மேசை விளிம்பில் முறிப்பேன். விளிம்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து ஈரத்தில் தேய்க்கிற எமரிக் கடதாசியால் தேய்ப்பேன். அந்தத் தண்ணீரைக் குழிக்குள் ஊற்றுவேன். "போர்ட் எல்லாம் முழுகிப்போட்டு வருது" என்று மாஸ்டர் நக்கலடித்தார். ஆனால் நகம் தட்டவில்லை. எல்லாம் வலது பக்கம் போயின. தெரு திறந்து வேலைத்தலத்துக்குத் திரும்பிய பிறகும், ஓய்வு பெறும்வரை பைபர் கிளாஸை அப்படித்தான் வெட்டினேன். என் நெஞ்சு இன்றைக்கும் சுத்தம். படியேறினால் எனக்கு மூச்சு வாங்குவதில்லை, வாய்தான் ஓய்வதில்லை.

குணநாயகம் மாஸ்டர், அன்றைக்குப் போர் நடந்தது. வேலை நின்றால் எங்கள் எல்லோருடைய அடுப்பும் நின்றிருக்கும். நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அதை ஒரு காரணமாகவாவது சொல்லலாம். நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன், ஆனால் காரணம் என்று ஒன்று இருந்தது. இன்றைக்கு என்ன காரணம்? அந்த மண்டபத்தில் லாம்பு கேட்டு யார் உங்களைப் பிடுங்கினார்கள்?

பால்மா டின்னில் துளை போட்டது எதற்கு? உங்கள் வீட்டுச் சின்னதுகளுக்கு ஆகாத தூள் மற்றவர்களின் பிள்ளைகளுக்கு எப்படி ஆகும்? பதிலை என் வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டாம், போனிலும் சொல்ல வேண்டாம். அதே மண்டபத்தில், அதே பிள்ளைகளை இருத்தி, அவர்களுடைய தாய் தகப்பனையும் கூப்பிட்டு, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். தேத்தண்ணி ஆறினால் ஆறட்டும்.